சுவருக்கு அந்தப்பக்கத்து இருமல்

மூக்கம்மாளின் இருமலை ஊரில் யாரைவிடவும் நன்றாக அறிந்தவள் பொன்னாத்தாள்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே மண்சுவர். அதுவும் கூரை வரைக்கும் எழும்பாமல் பாதியில் நின்றுபோன சுவர். அந்தப்பக்கம் ஒருத்தி புரண்டு படுத்தால் இந்தப்பக்கம் பாய் சத்தம் கேட்கும். அப்படிப்பட்ட வீட்டில் இருந்துகொண்டு இருவரும் மூன்று வருஷமாக முகம் கொடுத்துப் பேசவில்லை. பொன்னாத்தாளின் ஆடு, மூக்கம்மாள் வாசலில் காயப்போட்டிருந்த கம்பைத் தின்றுவிட்டது. வாயெல்லாம் கம்பு ஒட்டிக்கொண்டு நின்ற ஆட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "தின்னது எங்க ஆடு இல்ல" என்று பொன்னாத்தாள் சாதித்தாள். அன்றோடு பேச்சு முறிந்தது.

பேச்சு முறிந்தாலும் இருமல் முறியவில்லை. அது சுவர் ஏறி வந்துகொண்டுதான் இருந்தது.

தேனிக்கு ரயில் வந்த வருஷம் மூக்கம்மாள் பருத்தியில் கொட்டை பிரிக்கும் ஜின்னு ஃபேக்டரியில் சேர்ந்தாள். புருஷன் ஏலமலைக்குக் கூலி வேலைக்குப் போய், மலைக்காய்ச்சலில் அங்கேயே முடிந்துபோயிருந்தான். கையில் ஆறு வயதுப் பெண் பவுனு. ஃபேக்டரியில் நாற்பது ஜின்னு, ஜின்னுக்கு ஒருத்தி. பருத்தியை அள்ளி அள்ளி உருளைக்கு ஊட்ட வேண்டும். கொட்டை கீழே விழும், பஞ்சு அந்தப்பக்கம் போகும், தூசி உட்கார்ந்திருப்பவளின் நெஞ்சுக்குள் போகும். சாயங்காலம் வெளியே வரும்போது நாற்பது பெண்களுக்கும் ஒரே பகலில் தலை நரைத்திருக்கும். முதலாளி அய்யாத்துரை அந்தக் கொட்டகையைத் தாண்டும்போதெல்லாம் அங்கவஸ்திரத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு போவார். தூசியால் ஒன்றும் ஆகாது என்று சொல்வதற்கு மட்டும் கையை எடுப்பார்.

தூசிக்கு ஃபேக்டரி கொடுத்த ஒரே மருந்து வெல்லம். சனிக்கிழமை சாயங்காலம் ஆளுக்குக் கொட்டைப்பாக்கு அளவு ஒரு துண்டு. நெஞ்சில் தங்கிய தூசியை அது இழுத்துக்கொண்டு போய்விடுமாம். மேஸ்திரி அதிலும் பாதியைத் தன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனான் என்பது வேறு கதை.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. ஒரு நாள் நல்ல காற்றுப்பட்ட நெஞ்சு, மறுநாள் பஞ்சைக் கண்டதும் அடைத்துக்கொள்ளும். வாரத்திலேயே திங்கட்கிழமை இருமல்தான் மோசம். அடிவயிற்றிலிருந்து கிளம்பி, நடுவில் மூச்சு நின்று, நின்றதா போனதா என்று பக்கத்தில் இருப்பவள் பயந்த பிறகு, கீச்சென்று திரும்பி வரும். செவ்வாய், புதனில் கொஞ்சம் இளகும். பஞ்சாங்கம் பார்க்காமலே கிழமை சொல்லப் பழகிவிட்டாள் பொன்னாத்தாள். "இன்னைக்குத் திங்கக்கெழமையா, சரிதான்" என்று முணுமுணுத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைப்பாள். பேச்சு முறிந்த பிறகு எட்டிப் பார்க்க மாட்டாள். ரோஷம் ஒன்றுக்குத்தான் அந்த வீட்டில் பஞ்சம் இல்லை.

பத்து வருஷம் இப்படிப் போனது. பதினோராவது வருஷம் மாசி மாதம், வாரத்தில் ஏழு நாளும் திங்கட்கிழமை ஆகிவிட்டது. ஃபேக்டரிக்கு ஒன்றரை மைல் நடக்கவே மூக்கம்மாளுக்கு முடியவில்லை. நீ இருமினால் பஞ்சு அழுக்காகிறது, வீட்டில் இரு என்று மேஸ்திரி அனுப்பிவிட்டான். பஞ்சால் அவள் நெஞ்சு அழுக்கானதைப் பற்றி அவனுக்குக் கருத்து ஏதும் இல்லை.

ஃபேக்டரியில் க்ஷேமநிதி என்று ஒன்று இருந்தது. பெயரைக் கேட்டால் நெஞ்சு குளிரும். வாரா வாரம் கூலியில் காலணா பிடிப்பார்கள். பத்து வருஷம் வேலை பார்த்தவர் சுகவீனத்தால் வேலை செய்ய முடியாமல் போனால் மாசம் நாலு ரூபாய் உயிருள்ளவரை கிடைக்கும் என்று ஆபீஸ் சுவரில் அட்டை தொங்கியது. பிடித்தவரைக்கும் நிச்சயம். கொடுத்ததை யாரும் பார்த்ததில்லை. சர்க்கார் சட்டத்தை நம்பலாமா என்று மூக்கம்மாள் பெட்டிஷன் எழுதுகிறவரைக் கேட்டாள். விரல் போனால் இவ்வளவு, கை போனால் இவ்வளவு என்று அதில் விலை போட்டிருக்கிறதாம். பஞ்சடைத்த நெஞ்சுக்கு விலையே போடவில்லையாம். "அப்ப வெரலைக் குடுத்திருந்தா காசு. நெஞ்சைக் குடுத்தது எந் தப்பு" என்றாள்.

ஆகவே க்ஷேமநிதிக்கு மனுப் போட்டாள். மாசம் நாலு ரூபாய் வந்தால் இரண்டு வயிறு நிறையும். வராவிட்டால் ஒரே வழிதான் பாக்கி. பதினாறு முடிந்த பவுனு அதே ஜின்னில், அதே பலகையில் போய் உட்கார வேண்டும். அதை மட்டும் கண்ணால் பார்க்கக் கூடாது என்பதுதான் மூக்கம்மாளின் ஒரே வைராக்கியம். இதையெல்லாம் ஊரில் யாரிடமும் அவள் மூச்சுவிடவில்லை. பிச்சைக்கு மனுப் போட்டாள் என்று நாலு பேர் சிரிப்பார்கள் என்று நினைத்தாள். வாழ்நாளெல்லாம் ஊரைப் பார்த்துச் சிரித்தவளுக்கு, ஊர் திருப்பிச் சிரிப்பதைத் தாங்கத் தெம்பில்லை.

ஆஸ்பத்திரி டாக்டர் நல்ல மனுஷர். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, இது ஒட்டுகிற நோய் இல்லை, பஞ்சு செய்த வேலை, இனி இவளால் வேலை செய்ய முடியாது என்று காகிதம் எழுதிக் கொடுத்தார். க்ஷேமநிதியைக் கவனித்த கமிட்டிக்கு அது போதவில்லை. காகிதத்துக்கு இருமல் வருமா என்ன? ஊருக்கே போய் ரகசியமாக விசாரிக்க வேண்டும், சம்பந்தப்பட்டவளுக்குத் தெரியக் கூடாது என்று தீர்மானம் போட்டு, கணக்குப்பிள்ளை சுயம்புலிங்கத்தை அனுப்பினார்கள்.

பங்குனி மாதம், வளர்பிறை, நல்ல நாள். சுயம்புலிங்கம் சலவை வேட்டி, சரிகை அங்கவஸ்திரம், கையில் குடையோடு வந்து இறங்கினார். நெற்றியில் சந்தனம் வேறு. மூக்கம்மாள் மருந்து வாங்க மகளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். மொக்கைச்சாமியின் காப்பிக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, தாம் யாரென்று சொல்லாமல், குரலைத் தாழ்த்தி அவர் கேட்டார்.

"இங்கன மூக்கம்மாள்னு ஒரு அம்மா. வயசுப் பொண்ணு ஒண்ணு இருக்காமே. குடும்பம் எப்படி? அந்தம்மாவுக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே? இருமல் கிருமல்?"

பங்குனி வளர்பிறையில், சந்தனம் வைத்துக்கொண்டு, வயசுப் பெண் இருக்கிற வீட்டைப் பற்றிக் குரலைத் தாழ்த்தி விசாரிக்கிற மனிதர் எதற்கு வந்திருப்பார் என்று அந்தப் பள்ளத்தாக்கில் பால்குடி மறந்த பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். காப்பி குடிக்க வந்திருந்த ஒன்பது பேரும் மொக்கைச்சாமியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முந்தின வருஷம்தான் யாரோ ஒருவன் வாய்த்துடுக்காகப் பேசி, ஜக்கம்மா மகளுக்கு வந்த சம்பந்தம் முறிந்துபோயிருந்தது. அந்தப் பாவம் இன்னும் ஊரைவிட்டுப் போகவில்லை.

"இருமலா? அந்தக் குடும்பத்திலயா?" என்றார் மொக்கைச்சாமி, காப்பிக்குக் காசு வேண்டாம் என்று கையமர்த்திவிட்டு. "ஒரு தும்மல் கேட்டதில்லங்க நான்."

"கல்லு மாதிரி ஒடம்பு," என்றார் இன்னொருவர்.

"ரெண்டு ஆள் வேலையை ஒத்த ஆளாப் பாக்கும்," என்றார் மூன்றாமவர். மூக்கம்மாள் இரண்டு மாதமாகக் குடம் தூக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

சேதி தெருவுக்குள் போனது. பொன்னாத்தாள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு வந்து நின்றாள். பேச்சில்லாத பகையாளி வாயிலிருந்து வருகிற நல்ல வார்த்தைக்குத்தான் மதிப்பு அதிகம் என்று அவளுக்குத் தெரியும். இந்த ஒரு காரியத்தில் கம்பையும் ஆட்டையும் நேர்செய்துவிடலாம் என்றும் ஒரு கணக்கு.

"நான் பக்கத்து வீடுங்க. எங்க ரெண்டு பேருக்கும் பேச்சே கெடையாது. அதனால நான் பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்ல. ஒரே செவருங்க. ஒரு நாள், ஒரு பொழுது, அவ இருமி நான் கேட்டதில்ல. கூப்பாடு போட்டா வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் மேயிற எருமை திரும்பிப் பாக்கும். அப்படி நெஞ்சு. எழுதிக்கங்க!"

சுயம்புலிங்கம் எழுதிக்கொண்டார். பெண் கேட்க வந்தவர் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறார் என்று அந்தப் பதினோரு புத்திசாலிகளில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஜாதகக் குறிப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள். வடையும் கொடுத்து அனுப்பினார்கள்.

சாயங்காலம் மூக்கம்மாள் திரும்பியதும், மூன்று வருஷத்துக்குப் பிறகு பொன்னாத்தாள் அந்த வாசல்படி ஏறினாள். முகம் கொள்ளாத சிரிப்பு.

"மதினி, பழசை எல்லாம் விடு. பவுனுக்கு எடம் வந்திருக்கு. பெரிய எடம். குடையும் அங்கவஸ்திரமுமா ஒரு மனுசர் வந்து விசாரிச்சாக. வீட்டுல இருமல் உண்டான்னுதான் துருவித் துருவிக் கேட்டாக. நான் விடுவனா? இருமல்னா என்னன்னே தெரியாதுன்னு அடிச்சுச் சொல்லிட்டேன்."

மூக்கம்மாள் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். "ஆளு எப்படி இருந்தாக?"

"செவத்த ஆளு. இடது கண்ணு லேசா மாறும். காதுல பென்சில்."

"கணக்குப்பிள்ளை," என்றாள் மூக்கம்மாள். அவ்வளவுதான். பிறகு இருமல் பிடித்துக்கொண்டது. அது அடங்க நெடுநேரம் ஆனது. அடங்கிய பிறகு மனு, நாலு ரூபாய், பவுனுக்குக் காத்திருக்கிற பலகை எல்லாவற்றையும் சொன்னாள். "ஆடு தின்னப்ப ஒரு பொய். அதுலயாச்சும் ரெண்டு படி கம்புதான் போச்சு," என்று முடித்தாள். பொன்னாத்தாளுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை எங்கே கொண்டு வைப்பது என்றும் தெரியவில்லை.

வைகாசியில் கமிட்டியின் தீர்ப்பு வந்தது. மனுதாரியின் கிராமத்தில் பதினோரு பேரை விசாரித்ததில், திடகாத்திரமாக இருப்பதாக அனைவரும் ஒருமுகமாகச் சொன்னபடியால், மனு தள்ளுபடி. டாக்டரை ஏமாற்றியதற்கு நடவடிக்கை எடுக்காமல் விட்டது கமிட்டியின் பெருந்தன்மை.

சனிக்கிழமை இருவரும் ஆபீசுக்குப் போனார்கள். மூக்கம்மாளைத் தோளில் தாங்கி, வழியில் பத்து இடத்தில் உட்காரவைத்துக் கூட்டிப்போனாள் பொன்னாத்தாள். முதலாளி அய்யாத்துரை நாற்காலியில் இருந்தார். சுயம்புலிங்கம் நின்றுகொண்டிருந்தார்.

"அய்யா, நான் அன்னைக்குச் சொன்னது பொய்யிங்க. பொண்ணு கேட்டு வந்தீகன்னு நெனச்சுட்டோம்," என்றாள் பொன்னாத்தாள்.

"அன்னைக்குச் சொன்னது பொய்னா, இன்னைக்குச் சொல்றது மெய்னு எதை வச்சு நம்புறது?" என்றார் சுயம்புலிங்கம். தம்முடைய சாமர்த்தியத்தில் தாமே சொக்கிப்போய் முதலாளியைப் பார்த்தார். முதலாளியும் மெச்சிச் சிரித்தார்.

"ஏம்மா, உனக்கு ஒரு மக இருக்குல்ல? உன் எடம் காலியாத்தான் கெடக்கு. திங்கக்கெழமை அவளை அனுப்பு," என்றார் அய்யாத்துரை. அதையும் ஒரு தருமமாகத்தான் சொன்னார்.

மூக்கம்மாள் மேஜையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். "எம் மக எதுக்கு? நான் திடமா இருக்கேன்னு எழுதி, சீலும் குத்தி வச்சிருக்கீக. திடமா இருக்கிறவளுக்கு அவ எடம்தானே? நானே வாரேன்."

எழுதியதை அழிக்க முடியாமல் இருவரும் முழித்தார்கள். பொன்னாத்தாளுக்கு அப்போது மூக்கம்மாள் காலில் விழ வேண்டும் போல் இருந்தது.

திங்கட்கிழமை விடியுமுன்னே கிளம்பினார்கள். ஒன்றரை மைலுக்கு இரண்டு மணி நேரம். பொன்னாத்தாள் கஞ்சிச்சட்டியோடு வாசலில் உட்கார்ந்துகொண்டாள். மூக்கம்மாள் தன் பலகையில் போய் உட்கார்ந்தாள். பெல்ட் ஓடத் தொடங்கியது. மதுரையிலிருந்து பஞ்சு வாங்க வந்த வியாபாரி ஒருவரோடு அய்யாத்துரை, மூக்கைப் பொத்தியபடி, கொட்டகைக்குள் நுழைந்த நேரம். அந்தத் திங்கட்கிழமை இருமல் கிளம்பியது. நடுவில் மூச்சு நின்றது. கீச்சென்று திரும்பி வரவேண்டிய இடத்தில் வரவில்லை. முகம் கறுத்து, பஞ்சுக் குவியல் மேலேயே சாய்ந்தாள்.

செத்தாள் என்று நினைத்து மற்ற ஜின்னுகளில் எல்லாம் பெண்கள் கையை எடுத்துவிட்டார்கள். எடுத்த கையை மேஸ்திரி என்ன கத்தியும் திரும்ப வைக்கவில்லை. அரை நாள் மெஷின் வெறுமே ஓடியது. ஒரு பெண்பிள்ளையின் நெஞ்சு பத்து வருஷமாகச் சொல்லிப் புரியாதது, ஓடும் மெஷினில் பஞ்சு விழாத அரை நாளில் முதலாளிக்குப் புரிந்துவிட்டது.

மூக்கம்மாள் பிழைத்தாள். அடுத்த வாரமே நிதி மஞ்சூரானது. "வைகாசி மாதம் திங்கட்கிழமை திடீரென ஏற்பட்ட சுகவீனத்தை முன்னிட்டு" என்று எழுதியிருந்தார்கள். பத்து வருஷத்து இருமலுக்கு அன்றுதான் பிறந்தநாள். முன்பாக்கி எதுவும் இல்லை. அன்று காலை ஒரு மணி நேரம் வேலை பார்த்த கூலி வந்தது. அதிலும் காலணாவைப் பிடித்துக்கொண்டுதான் கொடுத்தார்கள்.

நாலு ரூபாய் மாதாமாதம் வந்தது. பவுனு பஞ்சைத் தொடவில்லை. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சுயம்புலிங்கம் வந்து, மூக்கம்மாள் உயிரோடு இருக்கிறாளா, இருமல் இன்னும் இருக்கிறதா என்று பார்த்துப்போவார். நெஞ்சு குணமாகி, கள்ளத்தனமாக நாலு ரூபாயைத் தின்றுவிடுவாளே என்ற கவலை. ஒட்டாத நோய் என்று டாக்டர் எழுதியதை அவர் நம்பினாரா? வீட்டுப்பக்கமே வரமாட்டார். எதிரே காப்பிக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளேயிருந்து இருமல் கேட்டதும் குறித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

இரண்டேகால் வருஷம் கழித்து பவுனுக்கு மெய்யாகவே ஒரு இடம் வந்தது. கடமலைக்குண்டு பக்கம், மாப்பிள்ளை பெயர் வீரபாண்டி. விசாரிக்க வந்தவர்களுக்கு எதிரிலேயே மூக்கம்மாள் வாசலில் உட்கார்ந்து இருமினாள். "எனக்கு இருமல் இருக்கு. பஞ்சு இருமல், ஒட்டாது. எம் பிள்ளைக்கு இல்ல. நெனைப்பிருந்தா உக்காருங்க, இல்லாட்டி எந்திரிங்க," என்றாள். பொன்னாத்தாள் தலையில் அடித்துக்கொண்டாள். மாப்பிள்ளையின் தாய் உட்கார்ந்தாள். அவளும் நாலு பருவம் ஜின்னுக்குப் போனவள். வைகாசியில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள்.

ஐப்பசி அடைமழையில் ஒரு விடியற்காலை, நின்ற மூச்சு மூக்கம்மாளுக்குத் திரும்பி வரவில்லை. சுவருக்கு இந்தப்பக்கம் படுத்திருந்த பொன்னாத்தாளுக்கு, சத்தம் கேட்காததால்தான் விழிப்பு வந்தது.

தைக்குச் சரியாகக் குடை தெருமுனையில் தெரிந்தது. கல்யாணத்துக்கு நாலு மாதம் இருந்தது. தாலிக்கும் சேலைக்கும் அந்த நாலு ரூபாயைத் தவிர வேறு வழி கிடையாது. பொன்னாத்தாள் யாரையும் கலந்துகொள்ளவில்லை. மூக்கம்மாள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பெஞ்சில் உட்கார்ந்த சுயம்புலிங்கம், "அந்தம்மா எப்படி?" என்று கேட்டார்.

மொக்கைச்சாமி காப்பியை ஆற்றிக்கொண்டே சாத்திய கதவைப் பார்த்தார். ஊரே பார்த்தது. மூக்கம்மாளைத் தூக்கிக்கொண்டு போய் எரித்துவிட்டு வந்தவர்கள் அத்தனை பேரும் அங்கேதான் நின்றார்கள்.

உள்ளேயிருந்து இருமல் வந்தது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, நடுவில் நின்று, பார்ப்பவர் பயந்த பிறகு கீச்சென்று திரும்பியது. அன்று வியாழக்கிழமை. இருந்தாலும் பொன்னாத்தாள் திங்கட்கிழமை இருமலைத்தான் எடுத்தாள். பதிமூன்று வருஷம் சுவர் வழியாகக் கேட்டது ஒரு துளி பிசகவில்லை. மூலையில் நின்ற பவுனு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ரொம்ப முத்திப்போச்சு போல," என்றார் சுயம்புலிங்கம், அங்கவஸ்திரத்தை மூக்கில் வைத்தபடி.

"ராத்திரியெல்லாம் ஊரு ஒறங்குறது இல்லீங்க," என்றார் மொக்கைச்சாமி. "எழுதிக்கங்க."

உயிருடன் இருக்கிறாள், இருமல் உள்ளது என்று எழுதிக்கொண்டு அவர் போனார். குடை மறைந்த பிறகும் உள்ளே இருமல் நிற்கவில்லை. மொக்கைச்சாமி கதவைத் திறந்து பார்த்தபோது, பொன்னாத்தாள் அந்தப் பாதிச் சுவரில் தலையை முட்டுக்கொடுத்து அழுதுகொண்டிருந்தாள்.

சித்திரையிலும் ஒரு முறை இருமினாள். மாதாமாதம் ரூபாய் ரசீதில் வைத்த பெருவிரல் ரேகையும் அவளுடையதே. வைகாசியில் பவுனு தாலி கட்டிக்கொண்டு கடமலைக்குண்டு போனாள். அடுத்த வாரம், மூக்கம்மாள் காலமானதாக ஃபேக்டரிக்குச் சொல்லியனுப்பினார்கள். துக்கம் கேட்க வந்த சுயம்புலிங்கம், "போன மாசம்கூட எங் காதால கேட்டேனே," என்று மெய்யாகவே வருத்தப்பட்டார்.

"ஆமாங்க," என்றாள் பொன்னாத்தாள். "நீங்க கேட்டீக."